பைக்குள் ஒன்றரை நாள்

(சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்போரும் வியாபாரிகளும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வெளியூருக்கு மீன் அனுப்புகிற எல்லாருக்கும் பழகிப்போன ஒரு போன் பேச்சு உண்டு. மீன் வாங்கிய பார்ட்டி கூப்பிடுவார். மீன் உயிரோடுதான் வந்தது, பெட்டியில் சாவு ரொம்பக் குறைச்சல், ஆனால் நாலாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் போகிறது என்பார். அனுப்பியவர் உடனே, "வந்து சேரும்போது உயிரோட இருந்துச்சா இல்லையா? அதுக்கப்புறம் உங்க தண்ணி, உங்க பாடு" என்பார். அவர் தண்ணீர் சரியில்லை, இவர் மீன் சரியில்லை என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் அடுத்த லோடில் பத்துப் பதினைந்து மீன் சேர்த்துப் போடுவதில் போய் முடியும். வியாபாரம் அதோடு சமாதானமாகிவிடும். மீன் ஏன் செத்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

இந்த வழக்கில் என் தீர்ப்பைக் கேட்டால், நாலாம் நாள் சாவில் பெரும்பங்கு அனுப்பியவர் கணக்கில்தான் வரும். பாக்கிப் பங்கு, பெட்டி பிரித்த முதல் அரைமணி நேரத்துக்கு. வழியில் கழிந்த ஒன்றரை நாளை நாம் அநியாயமாகக் குற்றம் சொல்கிறோம். ரயில் எவ்வளவு தூரம் ஓடியது என்பது மீனுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பைக்குள் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர்தான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. வண்ணமீன் ஏற்றுமதியில் நீண்ட காலம் முன்னால் நின்ற ஊர் சிங்கப்பூர். அங்கே கப்பி மீனை வைத்து நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2003இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த ஆய்வாளர்கள் செய்த முதல் நல்ல காரியம், செத்த மீனைப் பை பிரித்த அன்றோடு எண்ணி நிறுத்தாமல், அடுத்த ஒரு வாரமும் எண்ணியதுதான். கவலைப்பட வேண்டிய சாவு அந்த வாரத்தில்தான் நடக்கிறது என்றும், மீன் உடம்பில் உப்புச் சமநிலை குலைவது அதற்கு முக்கிய காரணம் என்றும் கண்டார்கள்.

அது என்ன உப்புச் சமநிலை? நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, வெளித் தண்ணீரில் உள்ளதைவிட மிக அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் செவுள் வழியே உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டிருக்கும். மீன் இரவும் பகலும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டு, உப்பை உள்ளே இழுத்துக்கொண்டுதான் உயிர் வாழ்கிறது. வலை போட்டுத் துரத்திப் பிடித்து, வாளியில் கொட்டி, பையில் அடைத்தால் மீன் மிரளும். மிரண்ட மீனின் செவுளில் கசிவு கூடும். இழந்த உப்பை மீட்க நாள்கணக்காகும். அந்த இடைவெளியில் நோய் எதிர்ப்பும் படுத்துவிடும். வெள்ளைப்புள்ளிக் கிருமி நம் ஊர் வெப்பத்தில் ஒரு சுற்று சுற்றி வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு போனது, பார்ட்டியின் தொட்டியில் நாலாம் நாள், ஐந்தாம் நாள் புள்ளியாகத் தெரியும். அவர் போனை எடுப்பது அப்போதுதான்.

இப்போது ஆக்ஸிஜனுக்கு வருவோம். நம் தொழிலில் நல்ல பாக்கிங் என்றால் நல்ல ஆக்ஸிஜன் என்ற எண்ணம் ஊறிக் கிடக்கிறது. சிலிண்டர் புதுசா, கவர் கல் மாதிரி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பை; இரண்டு லிட்டர் தண்ணீர்; அதற்கு மேல் நாலு லிட்டர் ஆக்ஸிஜன். உள்ளே 100 கிராம் எடைக்கு மீன். ஒரு கிலோ மீன் ஒரு மணி நேரத்தில் 300 மில்லிகிராம் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீனின் வகையையும் வெப்பத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். இது ஒரு நடுத்தரக் கணக்கு. அப்படியானால் நம் 100 கிராம் மீனுக்கு மணிக்கு 30 மில்லிகிராம்.

ஆக்ஸிஜன் போடாமல், தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 25 டிகிரியில் காற்றுப்பட்ட தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். இரண்டு லிட்டரில் 16 மில்லிகிராம். அரைமணி நேரத்தில் தீர்ந்துபோகும். சரி, நாலு லிட்டர் ஆக்ஸிஜன் போட்டால்? ஒரு லிட்டர் ஆக்ஸிஜனின் எடை சுமார் 1.3 கிராம். நாலு லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல், அதாவது 5,200 மில்லிகிராம். மணிக்கு 30 என்று கழித்துக்கொண்டே போனால் 170 மணி நேரம் வரும். ஏழு நாள்! நாம் அனுப்புவதோ ஒன்றரை நாள் பயணத்துக்கு. ஆக, ஒழுங்காகக் கட்டி, ஓட்டையில்லாமல் போன பையில் மீன் ஆக்ஸிஜன் இல்லாமல் சாவது அபூர்வம். பையில் மீன் செத்திருந்தால் "ஆக்ஸிஜன் பத்தல" என்று சொல்லிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையில்லை.

பைக்குள் தீர்ந்துபோவதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். சேர்ந்துகொண்டே போவதைப் பற்றி யோசிப்பதில்லை. மீன் இரண்டு பொருளைச் செவுள் வழியாக வெளியே விடுகிறது. ஒன்று கரியமில வாயு, இன்னொன்று அம்மோனியா. அதே பையில் 36 மணி நேரத்தில் கரியமில வாயு லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டிவிடும். அம்மோனியா லிட்டருக்குப் பத்து மில்லிகிராமைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. தொட்டியில் அம்மோனியா ஒரு மில்லிகிராம் காட்டினாலே பதறி, பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். பையில் பத்து இருந்தும் மீன் எப்படி நீந்திக்கொண்டு வந்து சேர்கிறது?

இதில்தான் பையின் சூட்சுமம் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று கடும் நச்சு. செவுளைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. மற்றொன்று அம்மோனியம், அவ்வளவாகத் தீங்கு செய்யாது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. கரியமில வாயு சேரச் சேரத் தண்ணீர் புளிப்பேறி பி.எச். இறங்கும். பி.எச். 6.5க்கு வந்துவிட்டால், அந்தப் பத்து மில்லிகிராமில் நச்சு வடிவம் வெறும் 0.02 மில்லிகிராம்தான். அதே தண்ணீரின் பி.எச். 8 ஆக இருந்தால் நச்சு 0.5 மில்லிகிராமைத் தாண்டும். கிட்டத்தட்ட முப்பது மடங்கு. மீன் விட்ட ஒரு கழிவின் விஷத்தை, அது விட்ட இன்னொரு கழிவே அடக்கி வைத்திருக்கிறது. பை கட்டியிருக்கும் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

பையை அவிழ்த்தால்? கோலி சோடாவை உடைத்ததும் புஸ்ஸென்று வாயு வெளியேறுகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கும். சத்தம் மட்டும் வராது. கரியமில வாயு தண்ணீரை விட்டு வெளியேறும். பி.எச். ஏறத் தொடங்கும். அதுவரை சாதுவாகக் கிடந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும்.

ஒரு கடையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு ரயிலில் வந்த பெட்டி. காலையில் பிரித்தார்கள். மீன்கள் பைக்குள் கொஞ்சம் சோர்வாக, ஆனால் நேராக நீந்திக்கொண்டிருந்தன. கடைப் பையன் நல்ல பையன், அக்கறையுள்ளவன். பைகளை வாயைத் திறந்து தொட்டியின் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டினான். பாவம், மூச்சு முட்டியிருக்கும் என்று ஒவ்வொரு பைக்குள்ளும் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோனை இறக்கினான். பிறகு தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தான். பழக்கப்படுத்துகிறானாம். பத்து நிமிஷத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடி படபடவென்று அடித்தது. அவன் காற்றை இன்னும் கூட்டினான். அரைமணி நேரத்தில் பாதி மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஒன்றரை நாள் தாக்குப்பிடித்த மீன்களுக்குக் காற்றே எமனாகிவிட்டது. ஏர் ஸ்டோன் கரியமில வாயுவை விரட்டியது, தொட்டியின் பி.எச். 8 தண்ணீர் மிச்ச வேலையை முடித்தது.

ஆகவே, தூரத்திலிருந்து வந்த நன்னீர் மீனை எப்படி இறக்குவது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். பெட்டியை அரை இருட்டில் பிரியுங்கள். ஒன்றரை நாள் இருட்டில் கிடந்த மீனுக்கு டியூப் லைட்டைப் பளிச்சென்று போட்டால் மிரண்டு மோதும். கட்டு அவிழ்க்காமல் பையைத் தொட்டியில் பதினைந்து இருபது நிமிஷம் மிதக்க விடுங்கள். வெப்பம் சமமாகட்டும். பிறகு அவிழ்த்ததும் தாமதிக்கக் கூடாது. வலை விரித்த வாளியில் ஊற்றி, தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீரை ஒரு டம்ளர்கூடத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

"சொட்டுச் சொட்டாப் பழக்கணும்னுதானே சார் எல்லாரும் சொல்றாங்க?" என்று கேட்பீர்கள். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகிற மீனுக்கு அது சரிதான். அந்தப் பையில் அம்மோனியா சேர்ந்திருக்காது. நெடுந்தூரம் வந்த பைக்கு அந்த முறை ஆகாது. அப்படியானால் தண்ணீர் மாறுவதை மீன் எப்படித் தாங்கும்? பழக்க வேண்டியது மீனை அல்ல, தொட்டியை. மீன் வருவதற்கு முதல் நாளே இறக்கும் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். அனுப்புகிறவரின் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் எவ்வளவு என்று கேட்டு, அதற்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பி.எச். 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கார்ப்பரேஷன் தண்ணீரானால் ஹைப்போ போட்டுக் குளோரினை நீக்கியிருக்க வேண்டும். மோலி, கப்பி, பிளாட்டி வகையறாவுக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உப்பு போடலாம். வெளித் தண்ணீரில் உப்பு இருந்தால் மீன் இழப்பது குறையும், மீட்பதும் சுலபம். சிங்கப்பூர்க்காரர்களும் இறக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் பின்னால் வரும் சாவைக் குறைத்தார்கள். கடல் மீன் விவகாரம் தனி. அதை இன்று எடுக்கவில்லை.

இனி, அனுப்புகிற பக்கம். முதல் வேலை பட்டினி. சின்ன மீனுக்கு ஒரு நாள், நடுத்தர மீனுக்கு இரண்டு நாள், பெரிய கோய்க்கும் ஆஸ்காருக்கும் அதற்கு மேலும் தீனியை நிறுத்த வேண்டும். தின்ற மீன் செரிப்பதற்காக அதிக ஆக்ஸிஜன் எடுக்கும், அம்மோனியாவையும் அதிகம் விடும், பைக்குள் சாணம் போடும், சாணம் அழுகும். ஆர்டர் வந்தது என்று காலையில் சிமென்ட் தொட்டியில் வலை வீசி மதியம் பை கட்டுகிறவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். (சிரிப்பு.) இரண்டு நாள் முன்னதாகவே பிடித்து, சுத்தமான தண்ணீரில் ஒதுக்கிவைத்தால் வலைபட்ட மிரட்சியும் தணியும், நோஞ்சான் மீனும் தானாகத் தெரிந்துவிடும். அந்த நோஞ்சானை அனுப்பாதீர்கள். பையில் ஒரு மீன் செத்து ஊறினால் கூட இருக்கும் இருபது மீனுக்கும் கேடு.

பை கட்டுவது ஒரு கைவேலை. அதை ஒரு பண்ணையில் பாக்கிங் செய்யும் அம்மாவிடம் பார்த்தேன். தண்ணீரும் மீனும் விட்ட பையை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் மேலே இருந்த வெறுங்காற்றை நீவி முழுக்க வெளியேற்றினார். அதை விட்டுவிட்டு ஆக்ஸிஜன் பிடித்தால் பையில் பாதி வெறும் காற்றுதானே நிற்கும். பிறகு ட்யூபை உள்ளே விட்டு, பை எழும்பியதும் கழுத்தை முறுக்கி, முறுக்கியதை மடக்கி ரப்பர் பேண்டை நாலைந்து சுற்று சுற்றினார். அதோடு விடவில்லை. கட்டிய பையை அப்படியே தலைகீழாக இன்னொரு பைக்குள் இறக்கினார்.

"ஏம்மா, ரெண்டாவது கவர்ல தலைகீழா ஏன் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"கவருக்கு அடியில ரெண்டு மூலை இருக்குதில்ல சார். குஞ்சு போய் அந்த மூலைல மாட்டிக்கிட்டு நசுங்கிப்போவும். இப்படிப் போட்டா மூலை மேல போயிடும், அடி உருண்டையா நிக்கும். அதுவும் போக, ஒண்ணு ஒழுகுனாலும் இன்னொண்ணு தாங்கும்."

மூலையை மடக்கி டேப் ஒட்டுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் மூலை இருக்கக் கூடாது. கல்லூரியில் இதைக் கற்பிக்க எங்களுக்கு ஒரு வகுப்பு முழுக்கத் தேவைப்பட்டது. அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

விமானத்தில் போகும் பைக்கு வேறு கணக்கு. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல் குறைக்கப்பட்டிருக்கும். தரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். பைக்குள் இருக்கும் வாயு அந்த அளவுக்கு உப்பும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். கல் மாதிரி அடித்த பை கட்டு தெறிக்கும், அல்லது ஒட்டு பிரியும். விமானப் பையை விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இறுக்கமாக அடிக்கலாம்.

அடுத்தது வெப்பம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் உடம்பு வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூச்சும் கழிவும் அப்படியே. 30 டிகிரித் தண்ணீரில் இருக்கும் மீனை 24க்குக் கொண்டுவந்து அனுப்பினால் அம்மோனியாவும் கரியமில வாயுவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எந்த மருந்தும் இதைச் செய்யாது.

இந்த உண்மை பழையது. 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு டிரவுட் மீனின் முட்டைகளைக் கொண்டுபோனார்கள். நார்ஃபோக் என்ற பாய்மரக் கப்பல். ஆஸ்திரேலியக் கரையைத் தொட சுமார் இரண்டரை மாதம். வழியில் வெப்பமண்டலக் கடலைக் கடந்தாக வேண்டும். அதற்கு முன் செய்த முயற்சிகள் தோற்றிருந்தன. ஜேம்ஸ் யூல் என்பவர் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து மரப்பெட்டிகளில் அடுக்கி, கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்தார். குளிரில் முட்டை பொரிக்காமல் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டிரவுட் மீன்களின் கதை அங்கே தொடங்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1863இல், நம் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர பிரான்சிஸ் டே முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டேதான். அவருக்குக் கைகூடவில்லை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

நம் பெட்டி போகிற பாதையைப் பாருங்கள். மாலையில் சென்னையில் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் ஏற்றினால், மறுநாள் பகலில் நாக்பூர், மூன்றாம் நாள் விடியலில் டில்லி. மே மாதம் நாக்பூரில் 45 டிகிரி. ஜனவரியில் டில்லி விடியல் ஐந்தாறு டிகிரி. ஒரே மாதிரி பெட்டி இரண்டுக்கும் எப்படிச் சரிவரும்? தெர்மாகோல் பெட்டி கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஓடுகிற ரயிலைவிட ஆபத்தானது பிளாட்பாரம். இறக்கி வைத்த பெட்டி வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் உள்ளே தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும்.

வெயில் காலத்தில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் உறையவைத்து, நாலு மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, பைகளின் மேலே வையுங்கள். குளிர்காற்று கீழே இறங்கும், அதனால் மேலே. நேரடியாகப் பையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் மீன் விறைத்துப்போகும். தங்கமீனும் கோயும் குளிரை நன்றாகத் தாங்கும். டிஸ்கஸுக்கு 26க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். வட இந்தியக் குளிருக்குச் சூட்டுப் பாக்கெட் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்தால்தான் சூடு வரும். பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் செய்துவிட்டால் பாதி வழியில் அணைந்துவிடும். ஒன்றிரண்டு சின்னத் துளை விடுங்கள்.

எல்லா மீனுக்கும் ஒரே பாக்கிங் கிடையாது. ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற சாதி. ஃபைட்டரைத் தனித்தனியாக, சின்னப் பையில், மீன் மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு, சாதாரணக் காற்று வைத்து அனுப்புவது தொழிலில் நிலைத்த வழக்கம், சிலிண்டருக்குச் செலவில்லை. 1869இல் பாரிஸில் பியர் கார்போனியே என்பவர் கைக்கு வந்து, ஐரோப்பியத் தொட்டிகளில் முதன்முதலாகப் பெருகிய வெப்பநாட்டு மீன்களில் ஒன்று சீனத்துப் பாரடைஸ் மீன். அதுவும் காற்றுக் குடிக்கும் மீன்தான். ஆக்ஸிஜன் சிலிண்டரும் பிளாஸ்டிக் பையும் இல்லாத காலத்தில், கப்பலில் வந்த மீன்களில் அது பிழைத்ததற்கு வேறு ரகசியம் வேண்டியதில்லை. மாறாக, 1936இல் நியான் டெட்ராக்கள் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் அமெரிக்காவுக்குப் போனபோது, சிகாகோவின் ஷெட் மீன்காட்சியகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது என்று மீன் வளர்ப்பு வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். டெட்ராவுக்குக் காற்றுக் குடிக்கத் தெரியாது.

கோரிடோராஸ் முதலிய கெளுத்தி வகைகளுக்கு முள் உண்டு, பையைக் குத்திவிடும். இரண்டு பைக்கும் நடுவே செய்தித்தாள் வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புங்கள். குட்டி போடும் தறுவாயில் இருக்கிற கப்பி, மோலித் தாய்களை அனுப்பவே அனுப்பாதீர்கள். மிரட்சியில் பைக்குள்ளேயே போட்டுவிடும். குட்டியும் போகும், தாயும் போகும்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பையில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு நல்லது. டெட்ரா, கோரிடோராஸ் போன்றவற்றுக்கு அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவை உறிஞ்ச ஜியோலைட் கல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்னீரில் அது வேலை செய்யும். ஆனால் உப்பையும் ஜியோலைட்டையும் ஒரே பையில் சேர்க்காதீர்கள். உப்பிலுள்ள சோடியம் ஜியோலைட்டில் இடம் பிடித்துக்கொண்டு, அது பிடித்துவைத்த அம்மோனியத்தைத் தண்ணீருக்கே தள்ளிவிடும். கிராம்புத் தைலம் விட்டு மீனை மயக்கி அனுப்பலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அளவு ஒரு சொட்டுக் கூடினால் செவுள் ஆட்டம் நின்றுவிடும். பையில் அடைத்தபின் அதைத் திருத்த வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் தராசு வைத்துச் செய்கிறவர்களுக்கு அதை விட்டுவிடுங்கள். நமக்குப் பட்டினியும் குளிர்ச்சியும் போதும்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒட்டுங்கள். பை கட்டிய தேதி, மணி. கட்டும்போது தண்ணீரின் வெப்பம், பி.எச்., உப்பு எவ்வளவு; தீனி நிறுத்தி எத்தனை நாள்; பைக்கு எத்தனை மீன். அதற்குக் கீழே, பார்ட்டியின் மொழியில் இரண்டே வரி: பைக்குள் ஏர் ஸ்டோன் போடாதே, அவிழ்த்ததும் மீனை உடனே மாற்று. பார்ட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஏழாம் நாள் எத்தனை மீன் மிச்சம் என்று அவர் எண்ணி அனுப்ப வேண்டும். ஆறேழு லோடுக்கு இந்தச் சீட்டையும் அந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் பண்ணையில் எந்த மீன் எந்த மாதத்தில் எதனால் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு என்னைப்போல் ஒருவர் வந்து பேச வேண்டியதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டெஸ்ட் கிட் கொண்டுவந்திருக்கிறேன். பைத் தண்ணீர் எடுத்து வந்தவர்கள் முன்னால் வாருங்கள்.